நான்கு முயற்சி, பத்துக் கஜம்

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருக்கும் நோக்குடன் பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் வந்திறங்கினோம். அங்கே இரண்டு உருவச் சிலைகள் அருகருகே நின்றன. ஒன்று ஜார்ஜ் வாஷிங்டன். மற்றது, தலைக்கவசம் அணிந்து குனிந்தவாறே ஓடி, தரையைத் தொடவிருக்கும் பந்தொன்றை இரு கைகளாலும் ஏந்த முனையும் ஓர் ஆட்டக்காரர். நாட்டின் முதல் தலைவருக்கு இணையாக நிறுத்தத்தக்கவர் யாரோவென்று நாங்கள் வியந்து நிற்க, மருமகன் சிரித்தார். "மாமா, அவர் ஃபிராங்கோ ஹாரிஸ். அந்தப் பந்தைப் பிடித்ததற்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் நீங்கள் இருவரும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வீர்கள்" என்றார்.

அந்தப் பெயர் 'இமாக்குலேட் ரிசெப்ஷன்'. அன்னையின் அமல உற்பவத்தைக் குறிக்கும் 'இமாக்குலேட் கன்செப்ஷன்' என்ற தொடரில் இரண்டாம் சொல்லைச் சற்றே மாற்றி, பந்தைக் கைக்கொள்வதற்குச் சூட்டிவிட்டார்கள். எங்களுள் ஒருவருக்கு முகம் சுளித்தது. மற்றவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இக்கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் வரலாறும் மற்றவர் கணக்கும் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். கருத்து ஒத்துப்போகாத இடங்களில் 'எங்களுள் ஒருவர்' என்று மட்டுமே குறிப்போம். யார் எவர் என்பதை எங்களை அறிந்தவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

அன்று பேரனுக்குப் பதினொரு வயது. அமெரிக்கக் கால்பந்தில் அவன் அப்போதே மூழ்கிக் கிடந்தான். பெயரில்தான் கால் இருக்கிறதே தவிர, ஆட்டத்தில் பெரும்பங்கு கையினுடையது. தொடக்கத்தில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னர் நம்மூர்ச் சடுகுடுவை மனத்தில் கொண்டு பார்த்தபோது தெளிவு பிறந்தது. சடுகுடுவில் கோடு நிலையாக இருக்கிறது, மனிதர் அதைத் தாண்டிச் சென்று மீள்கிறார்கள். இங்கோ கோடே நகர்கிறது. பதினொருவர் பதினொருவராகக் கோட்டின் இருபுறமும் நிற்க, பந்தை உடைய அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படுகின்றன. அந்த நான்குக்குள் பத்துக் கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். இல்லையேல் பந்து மாற்றாருக்கு. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னர் எல்லாரும் நின்று, கூடி, இரகசியமாகப் பேசி, வியூகம் வகுத்துக்கொள்கிறார்கள். பாரதப் போரின் வியூகங்களைக் கதையாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத பொருளன்று.

ஹாரிஸ் அந்தப் பந்தைப் பிடித்ததும் இத்தகைய கடைசி முயற்சி ஒன்றில்தான். 1972 டிசம்பர் 23. ஓக்லண்டு அணி 7, பிட்ஸ்பர்க் அணி 6. எஞ்சியிருந்தவை 22 வினாடிகள். நான்காவது முயற்சி, தேவை பத்துக் கஜம். டெர்ரி பிராட்ஷா எறிந்த பந்து இருவர் மோதிக்கொண்ட இடத்தில் பட்டுப் பின்னோக்கித் தெறிக்க, எங்கோ ஓடி வந்துகொண்டிருந்த ஹாரிஸ் அதைத் தரைக்கு மேலே ஏந்தி, எல்லைக்கோடு வரை ஓடிவிட்டார். அக்கால விதிப்படி, எறிந்த அணியின் ஒருவன்மேல் பட்ட பந்தை, இடையில் எதிரணியினர் தொட்டாலன்றி, அதே அணியின் இன்னொருவன் பிடிக்கலாகாது. பந்து பட்டது யார்மேல் என்பது இன்றுவரை வழக்கு. நடுவர்கள் கூடிப் பேசிப் பிடியைச் செல்லுமென்றார்கள். 1978-இல் அந்த விதியையே நீக்கிவிட்டார்கள். இன்றைய சட்டப்படி அவ்வழக்குக்கே இடமில்லை. வழக்கில்லாத அற்புதத்தை இவ்வளவு காலம் யார் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எங்களுள் ஒருவர் கேட்டது எங்களுக்கே பிடித்திருந்தது.

இந்த விதி மாற்றம் எங்களுக்குள் ஓர் ஆர்வத்தைக் கிளப்பியது. ஆட்டத்தின் சட்டங்கள் ஏன் மாறுகின்றன, யாருக்காக மாறுகின்றன? மருமகனின் புத்தக அலமாரியும் பேரனின் கணினியும் துணை நிற்க, அந்தக் குளிர்காலம் முழுவதும் இதையே படித்தோம்.

ஆட்டத்தின் இளமைப் பருவம் கொடியது. 1892-இல் ஹார்வர்டு மாணவர்கள் 'பறக்கும் ஆப்பு' என்ற வியூகத்தைக் கொண்டுவந்தார்கள். இரு புறமிருந்தும் முழு வேகத்தில் ஓடிவந்து ஒன்றுகூடி, பந்துடையவனை நடுவில் வைத்து, ஆப்பு வடிவில் ஒரே ஒருவன்மேல் மோதுவது அதன் முறை. பார்ப்பவர்க்கு அதைவிடப் பரபரப்பான காட்சி இருந்திருக்காது. இரண்டே ஆண்டுகளில் அதைத் தடைசெய்ய நேர்ந்தது. ஆயினும் கூட்டமாய் முட்டி மோதும் பழக்கம் போகவில்லை. 1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 இளைஞர்கள் களத்தில் மாண்டதாக அக்கால நாளிதழ் ஒன்று கணக்கிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆட்டத்தையே ஒழித்துவிட வேண்டுமென்ற குரலும் பல கல்லூரிகளில் எழுந்தது.

1906-இல் விதிகள் மாறின. அதுவரை மூன்று முயற்சியில் ஐந்து கஜம் என்றிருந்ததைப் பத்தாக்கினார்கள். ஐந்து கஜம் என்றால் முட்டியே கடந்துவிடலாம், பத்துக்கு மூளை வேண்டும். இரு அணிகளும் மூக்கோடு மூக்கு உரச நிற்காதபடி, இடையே பந்தின் நீளமளவு வெற்றிடம் விட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தை முன்னோக்கி எறிய முதன்முறையாக அனுமதி தந்தார்கள். களம் திடீரென்று திறந்துகொண்டது. ஒரே இடத்தில் குவிந்து கிடந்த உடல்கள் பிரிந்து பரவியே ஆகவேண்டும். சாவைத் தவிர்ப்பதற்கு வந்த விதியே இந்த ஆட்டத்தின் பேரழகுக்கும் காரணமாயிற்று என்பதை அறிந்தபோது நாங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தோம்.

சட்டம் அனுமதித்த பின்னும் பலர் எறியத் துணியவில்லை. துணிந்து முதலில் எறிந்தவர்கள் சேசு சபையாரின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மாணவர்கள். 1906 செப்டம்பரில் விஸ்கான்சின் மாநிலத்து வாக்கெஷாவில் நடந்த ஆட்டத்தில் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்து யார் கைக்கும் போகாமல் தரையில் விழுந்தது. அன்றைய விதிப்படி அதற்குத் தண்டனை, பந்தையே இழப்பது. பின்னர் எறிந்ததை ஜாக் ஷ்னைடர் பிடித்து எல்லை கடந்தார். 1913-இல் திருச்சிலுவைச் சபையாரின் நோட்டர் டேம் அணி, ராணுவக் கல்லூரியை அதன் களத்திலேயே 35–13 என்று வென்றபோதுதான் கிழக்கு மாநிலங்கள் விழித்துக்கொண்டன. குஸ் டோரேயும் க்னூட் ராக்னியும் அவ்வாண்டுக் கோடையில் ஓஹயோ மாநிலத்து ஏரிக்கரை விடுதியொன்றில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வுநேரத்தில் மணலில் எறிந்தும் பிடித்தும் பழகினார்களாம். முன்னெறிதலைக் கண்டுபிடித்தவர்களே இவர்கள்தான் என்று பலரும் சொல்வது பிழை. அந்தப் பெருமை செயின்ட் லூயிஸ் மாணவர்களுக்கு உரியது. வரலாறு கற்பித்தவருக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களுள் ஒருவருக்கு இந்த நீண்ட எறிதல்தான் உயிர். காரணமும் கத்தோலிக்கக் காரணமே. நேரம் முடியும் தறுவாயில், வேறு வழியின்றி வானை நோக்கி எறியும் எறிக்கு இந்நாட்டார் 'ஹெய்ல் மேரி' என்கிறார்கள். அதாவது மங்கள வார்த்தை செபம். நோட்டர் டேம் வட்டாரத்தில் பழகிவந்த சொல்தான். 1975 டிசம்பர் 28-இல் டல்லஸ் அணியின் ரோஜர் ஸ்டாபாக் அப்படியொரு பந்தை எறிந்து வென்ற பின், கண்ணை மூடி அந்தச் செபத்தைச் சொன்னதாகக் கூறவே, நாடெங்கும் பரவிவிட்டது. ஸ்டாபாக் கத்தோலிக்கர். தோற்ற மினசோட்டா அணியிலும் செபம் சொன்னவர்கள் இருந்திருப்பார்களே என்று மற்றவர் கேட்டால் எங்கள் வீட்டில் இன்றும் பதில் கிடைப்பதில்லை.

மற்றவருக்குப் பிடித்தது மும்முனை ஆப்ஷன். சற்றே விளக்க வேண்டும். பந்தை வாங்கும் குவார்ட்டர்பேக், தன் பின்னாலிருந்து பாய்ந்து வரும் ஓட்டக்காரனின் வயிற்றுக்கு நேரே அதை நீட்டுகிறான். எதிரணியின் ஓரக் காவலன் ஒருவனை வேண்டுமென்றே யாரும் மறிப்பதில்லை. அவன் ஓட்டக்காரன்மேல் பாய்ந்தால், இவன் பந்தை இழுத்துக்கொண்டு வெளிப்புறம் ஓடுகிறான். பாயாவிட்டால் அங்கேயே கொடுத்துவிடுகிறான். வெளிப்புறத்தில் இன்னொரு காவலன், அவனையும் மறிப்பதில்லை. அவன் தன்னைப் பிடிக்க வந்தால், கடைசி நொடியில் பந்தைப் பக்கத்தில் ஓடிவரும் மூன்றாமவனுக்குத் தட்டிவிடுகிறான். இருவரைத் தொடாமலே ஏமாற்றிவிடுவதால் மறிப்பதற்கு இரண்டு ஆள் மிச்சம். இதில்தான் கணக்கு கற்பித்தவரின் மனம் மயங்கியது. உடல் சிறுத்தவன் உடல் பெருத்தவனை வெல்ல இதைவிட நல்ல வழியில்லை. 1968-இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் கோழியின் கவட்டெலும்பு வடிவில் ஆட்களை நிறுத்தி இதை ஆடத் தொடங்கி, தொடர்ச்சியாக 30 ஆட்டங்களை வென்றது. அண்மைக் காலத்தில் இதைப் பேணி வருவோர் பெரும்பாலும் ராணுவ, கடற்படைக் கல்லூரிகளே. படைவீரராகப் போகிறவர்கள் மலைபோல் பெருத்திருக்க இயலாதன்றோ?

நிற்க. 2022-இல் மீண்டும் வந்தபோது பேரன் வளர்ந்திருந்தான்; ஆனால் உயரமுமில்லை, பருமனுமில்லை. பள்ளி அணியின் பயிற்சியாளர் அவனுடைய கால் வேகத்தையும் நொடியில் முடிவெடுக்கும் திறனையும் கண்டு, ஆப்ஷன் ஆட்டத்துக்குக் குவார்ட்டர்பேக்காகப் பழக்கிக்கொண்டிருந்தார். எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அதே ஆண்டில்தான் கல்லூரி ஆட்டத்தில் ஒரு புதுவிதி வந்தது. இடுப்புக்குக் கீழே பாய்ந்து மறிப்பதைக் கோட்டின் நடுப்பகுதிக்கு வெளியே தடைசெய்தார்கள். முழங்கால்கள் முறிகின்றன என்பது காரணம். ஆனால் சிறியவன் பெரியவனைச் சாய்க்கக் கால்களைத்தானே மறிக்க முடியும்? ஆப்ஷன் ஆட்டத்தின் ஆணிவேரையே அறுத்துவிட்டார்கள் என்று நாங்கள் கொதித்தோம். 2023-இல் ராணுவக் கல்லூரி தன் பழைய முறையைக் கைவிட்டு வேறு வியூகத்துக்கு மாறியபோது, சொன்னோமே என்றோம்.

அந்தக் கோபத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாங்களே விதிகள் எழுதத் தொடங்கினோம். களத்தின் அகலம் 53 கஜமும் ஓர் அடியும். 1881 முதல் அப்படியே இருக்கிறது. அக்காலத்து மாணவரினும் இக்காலத்தார் எவ்வளவு பருத்தவர், எவ்வளவு விரைந்தவர்! அண்டை நாடான கனடாவில் களம் 65 கஜ அகலம். எனவே பத்துக் கஜம் கூட்டுக என்பது எங்கள் முதல் விதி. அரங்கங்களை இடித்தாலன்றி அது நடவாதென்று மருமகன் சொன்னதைப் பொருட்படுத்தவில்லை. முன்னிலையிலுள்ள அணி, கடைசி இரண்டு நிமிடங்களில் மண்டியிட்டு மண்டியிட்டே நேரத்தைக் கரைப்பது எங்களுக்கு அறவே பிடிக்காது. முன்னேறாத முயற்சிக்குக் கடிகாரம் ஓடலாகாது என்றோம். எல்லை கடந்த பின் உதைக்கும் ஒற்றைப் புள்ளி உதையை அடியோடு நீக்கச் சொன்னோம். 2015-இல் தொழில்முறைச் சங்கம் அதன் தூரத்தை 33 கஜமாக்கியும் அதில் எங்களுக்குச் சுவை பிறக்கவில்லை. சமநிலையில் முடியும் கல்லூரி ஆட்டங்களுக்கான கூடுதல் நேரத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினோம். 2021-இல் இதே மாநிலத்தில், பென் ஸ்டேட் அணி ஒன்பது கூடுதல் சுற்றுகளுக்குப் பின் இல்லினாயிடம் 20–18 என்று தோற்றதே, அந்த ஆட்டத்தில் புதிய விதி பரபரப்புக்கென்றே வந்தது. மூன்றாம் சுற்று முதல் ஆளுக்கொரு முயற்சி, அவ்வளவுதான். இரு அணியும் மாறிமாறித் தவறவிட, பரபரப்பு போய்க் கொட்டாவி வந்ததென்று மருமகன் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

2024 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. பேரனுக்குப் பதினாறு வயது. மூன்றாம் கால்பகுதியில் அவன் பந்தை நீட்டினான், இழுத்தான், வெளியே ஓடினான், கடைசி நொடியில் தட்டிவிட்டான். நாங்கள் விரும்பும் ஆட்டம் அப்படியே கண்முன் நடந்தது. பந்து போன திசையில் எங்கள் கண்களும் போயின. மூன்றாமவன் எல்லையைத் தொட எழுந்து நின்று கைதட்டினோம். மகள் மட்டும் கைதட்டவில்லை. அவள் பந்தைப் பார்க்கவில்லை. பந்தைத் தட்டிவிட்டவன்மேல் காவலன் முழு வேகத்தில் மோதியிருந்தான். அதில் குற்றமேதுமில்லை; விதிக்கு உட்பட்ட மோதல். பேரன் எழுந்தான், நடந்தான், எதிரணியின் இருக்கைகளை நோக்கி நடந்தான்.

பென்சில்வேனியாவில் 2011-இல் இயற்றிய சட்டப்படி, மூளை அதிர்ச்சியின் அறிகுறி தென்பட்ட மாணவனை உடனே வெளியேற்ற வேண்டும். மருத்துவர் எழுதித் தந்தாலொழிய மீண்டும் ஆடவிடலாகாது. அவனை அவ்வாறே வெளியேற்றினார்கள். அடுத்த ஒன்பது நாள் அவன் திரைபோட்ட அறையில் கிடந்தான். வெளிச்சம் ஆகவில்லை, ஓசை ஆகவில்லை. பாட்டி வைத்த கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பேசாமல் திரும்பி வருவோம். இந்த நகரத்தில் அந்த அமைதிக்குப் பொருள் அதிகம். பிட்ஸ்பர்க் அணியின் நடுவீரராகப் புகழ்பெற்ற மைக் வெப்ஸ்டர் மனம் சிதைந்து 2002-இல் தம் 50-ஆவது வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்து இங்கே பிணக்கூறு மருத்துவராகப் பணியாற்றிய பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆய்ந்து, அடிமேல் அடிபட்டதால் உண்டாகும் சிதைவை 2005-இல் எடுத்துக்காட்டினார். அதை நாங்கள் முன்பே படித்திருந்தோம். படித்தது வேறு, அந்த அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது வேறு.

அந்த நாட்களில் ஒருமுறை நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். எங்கள் விதிகளில் ஒன்றுகூடக் களத்தில் இருப்பவனுக்காக எழுதப்படவில்லை. எல்லாம் இருக்கையில் இருப்பவருக்காகவே. மகளிடம் அதைக் காட்டத் துணிவில்லை.

நலமான பின் பேரனோடு தொலைக்காட்சியில் தொழில்முறை ஆட்டங்கள் பார்த்தோம். அவ்வாண்டுதான் தொடக்க உதையை மாற்றியிருந்தார்கள். முன்பெல்லாம் இரு அணிகளும் நெடுந்தூரம் எதிரெதிரே ஓடிவந்து மோதிக்கொள்வார்கள். அந்த மோதலுக்கு அஞ்சி விதிகளை இறுக்க இறுக்க, பந்து பெரும்பாலும் எல்லைக்குப் பின்னே உதைக்கப்பட்டு, ஒருவரும் ஓடாத வெற்றுச் சடங்காகியிருந்தது. 2024-இல் இரு வரிசைகளையும் ஐந்து கஜ இடைவெளியில் எதிரெதிரே நிறுத்திவிட்டு, பந்து கீழே விழும்வரை அல்லது யாரேனும் தொடும்வரை அசையாதே என்றார்கள். ஓடிவந்து மோத இடமில்லை. ஆனால் பந்தை எடுத்து ஓடுவோர் மீண்டும் பெருகினார்கள். 1906-இல் நடந்தது இன்னொரு முறை நடந்ததுபோல் எங்களுக்குத் தோன்றியது. 1894-இல் தடைசெய்த ஆப்பு வடிவம் வேறு உருவில் தொடக்க உதையில் ஒளிந்துகொண்டிருந்து, 2018-இல்தான் முழுவதும் ஒழிந்ததாம். நல்ல விதிக்கும் அவசரமில்லை போலும்.

இன்னொரு செய்தியும் எங்களைத் தலைகுனிய வைத்தது. இனி ஆப்ஷனுக்கு வாழ்வில்லை என்று நாங்கள் தீர்ப்பெழுதிய அதே ராணுவக் கல்லூரி, 2024-இல் பழைய முறைக்குத் திரும்பி, முழங்காலைக் காக்கும் புதுவிதிக்குள்ளேயே ஆடி, 12 ஆட்டங்களை வென்று தன் குழுமத்தின் பட்டத்தையும் கைக்கொண்டது.

பேரனை மறுபடியும் ஆடவிடுவதா என்ற கேள்வியில் மகளும் மருமகனும் பல இரவுகள் பேசினார்கள். எங்களைக் கேட்டபோது எங்களுள் ஒருவர் வேண்டாம் என்றார். மற்றவர் அவனையே கேளுங்கள் என்றார். இறுதியில், குவார்ட்டர்பேக்காக அன்றி, எறியும் பந்தைப் பிடிப்பவனாக ஆடலாம் என்று முடிவாயிற்று. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். அவர்களுக்கு வெள்ளி இரவு ஏழு மணி, நமக்குச் சனிக்கிழமை விடியற்காலை நான்கரை. மகள் கைப்பேசியில் காட்டுவாள். பாதி நேரம் படம் நின்றுவிடும். நின்ற படத்தில் அவன் எங்கே என்று தேடுவதே எங்கள் வேலை. பந்து எங்கே என்று இப்போதெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை.

நாங்கள் ஊர் திரும்புமுன், 2025 ஜனவரியில், பேரன் அந்த நோட்டைக் கண்டெடுத்துவிட்டான். எங்கள் நான்கு விதிகளையும் படித்துச் சிரித்தான். கீழே பென்சிலால் ஐந்தாவதாக ஒன்றை எழுதினான்: பந்தைக் கைவிட்டவனை யாரும் தொடக்கூடாது. எங்கள் இருவருக்கும் நெஞ்சு நிறைந்தது. உடனே மையால் எழுதிவிடு என்றோம். அவன் சற்று யோசித்தான்.

"இல்லை தாத்தா. தட்டிவிட்டதும் என்னைத் தொடக்கூடாது என்றால், நான் கடைசி நொடி வரைக்கும் பயமில்லாமல் ஏமாற்றலாம். அந்தப் பையன் என்மேல் வரவே மாட்டான். அப்புறம் அது ஆப்ஷனே இல்லை. பாட்டிக்குத் தெரியும், கணக்குத் தப்பு."

கணக்கு கற்பித்தவர் நோட்டை வாங்கி இரண்டு படம் வரைந்து பார்த்தார். அவன் சொன்னது சரிதான். அழிக்கவும் மனம் வரவில்லை, மையிடவும் மனம் வரவில்லை. நோட்டைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தோம். ஐந்தாம் விதி இன்னும் பென்சிலில் இருக்கிறது.